வெறும் எடை

லாபிஸ் செம்பனை ஆலையில்
எனக்கு எடைப்பாலத்தில் வேலை.
குலை ஏற்றி வரும் லோரியை ஒருமுறை நிறுக்கணும்,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது இன்னொரு முறை.
முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால்
காசு.
பதினோரு வருஷமாய் இந்தக் கழித்தல்தான்.

சிகாமட்டில் மூன்று மாடி ஏறி
மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தேன்.
லாயர் ஹர்ஜித் கோர் பச்சைக் கோப்பைத் திறந்தார்.
"இன்னும் இரண்டு வருஷம் இழுக்கலாம்.
வீட்டில் உன் பங்கு முப்பத்தெட்டாயிரம் வெள்ளி.
தம்பி பேரில் மாற்றினானே ஒரு லோரி,
அதையும் தோண்டலாம்."
நல்லவர். என் பக்கம்தான் பேசினார்.

இரண்டு வருஷம் என்றால்
இன்னும் எத்தனை இரவு
தலையணைக்கடியில் போன் அதிரும்?
ஜெகதீசன் குடித்துவிட்டு அனுப்பும் குரலை
அழிக்கக் கூடாது, சாட்சி.
கேட்கணும், சாட்சி.
தேதி, மணி போட்டு நோட்டில் எழுதணும்.
ரூபிணி சுவர்ப்பக்கம் திரும்பி
தூங்குகிற மாதிரி படுத்திருப்பாள்.

"கையெழுத்து எந்த இடத்தில்?" என்றேன்.

தங்கச்சி கோமளா மூன்று நாள் பேசவில்லை.
நாலாம் நாள் போன் போட்டு
"நீ என்ன பெரிய மகராசியா?" என்றாள்.
இல்லை.
மகராசிக்கு ஐஸ்பெட்டித் தவணை
பதினாலு மாதம் பாக்கி இருக்காது.
சைக்கிள் கடைக்கு மேல் ஒரே அறை,
மழை பெய்தால் தகரத்தின் கீழ் நாங்கள் பேசுவது
எங்களுக்கே கேட்காது.
இருபதாம் தேதிக்குப் பிறகு
கெம்போங் மீன் போய் முட்டை வரும்.
பிஸ்கட் டின்னில் நானூற்று அறுபது வெள்ளி,
கூட்டு எடுக்க இன்னும் ஆறு மாதம்.

மத்தியானம் லோரி வராத நேரத்தில்
கால்குலேட்டரில் முப்பத்தெட்டாயிரம் என்று
தட்டிப் பார்ப்பதுண்டு.
சம்பளத்தால் வகுத்தால் இருபத்தொரு மாதம்.
பிறகு அழித்துவிடுவேன்.
சில நாள் அழிப்பதற்குள் ஹாரன் கேட்கும்,
திரையில் அது அப்படியே நின்றுகொண்டிருக்கும்.

முதல் வாரம் தூக்கம் வரவில்லை.
போன் அதிராததே சத்தமாக இருந்தது.
இரண்டாம் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை
பத்து மணி வரைக்கும் தூங்கிவிட்டேன்.
எழுந்தால், ரூபிணி மைலோ கலக்கி
தட்டுப் போட்டு மூடி வைத்திருந்தாள்.
ஆறி ஆடை படிந்திருந்தது.
உட்கார்ந்து, அவசரமில்லாமல் குடித்தேன்.

அந்தத் தம்பி பேர் லோரி
வாரம் இருமுறை என் பாலத்துக்கு வரும்.
ஒரு கிலோ கூட்டியதில்லை, குறைத்ததில்லை.
போன செவ்வாய்
கொட்டிவிட்டுத் திரும்புவதற்குள் பேய்மழை.
தளம் நிறையத் தண்ணீர் தேங்கி
வெறும் லோரி கனத்து வந்தது.
ஓட்டுகிற முத்தரசு சன்னலுக்கு ஓடி வந்து
"தண்ணியையும் சேர்த்துக் கழிச்சிடாதீங்க அக்கா" என்றான்.
நஷ்டம் யாருக்கு என்று
எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.
விரல் பொத்தானுக்கு மேலேயே இருந்தது,
கொஞ்ச நேரம்.
பிறகு சொன்னேன்:
"பின்கதவைத் திறந்து வடியவிட்டு வா,
மறுபடி நிறுக்கிறேன்."

நேற்று ஐந்தரைக்குக் கடைசி லோரியும் போனது.
பள்ளி வேன் ரூபிணியை வாசலில் இறக்கியது.
அவளை உள்ளே திரை முன்னால் உட்கார வைத்துவிட்டு
கைப்பையும் குடையுமாகப் போய்ப்
பாலத்தின் நட்டநடுவில் நின்றேன்.
பத்துப் பத்தாய்த்தான் எண்ணும் இயந்திரம்.
ஒரு பொம்பளையை நிறுக்கச் செய்ததல்ல.
கோர்ட்டுக்கு அலைந்த வருஷம்
இதே இடத்தில் ஐம்பது காட்டியது.

"அறுபது!" என்று கத்தினாள்.
"பையையும் குடையையும் கீழே வச்சிட்டு நில்லும்மா,
அது உன் எடை இல்லை."

பாலத்தை விட்டு இறங்கி
புல்லோரம் வைத்துவிட்டுத் திரும்ப ஏறினேன்.

"இப்பவும் அறுபதுதான்."