இடப்பக்க வளைவு

நடந்தால் ஒன்றுமில்லை.
படியேறினால், சைக்கிள் மிதித்தால்,
காட்பாடி ஜங்ஷனில் மூன்றாம் கவுன்ட்டருக்கு நேரமாகி
பையோடு தடதடவென்று மேம்பாலம் இறங்கினால்கூட
ஒன்றுமில்லை.

ஷூ மாட்டிக் கோட்டில் நின்று
ஐயாயிரம் மீட்டர் என்று ஓடத் தொடங்கினால்தான்
ஏழாவது சுற்றில்
இடது பாதம் உள்ளே மடங்கும்.
விரல்கள் சுருண்டுகொள்ளும்
தொட்ட மரவட்டை போல.
வலியில்லை. அதுதான் கேவலம்.
வலித்தால் நொண்டலாம்.

"மனசுல பயம்" என்றார் கோச் ஞானசிகாமணி.
"ஷூவை மாத்து" என்றாள் கூட ஓடும் பெனாசிர்,
ஆம்பூரில் அவள் மாமா கம்பெனியில் தள்ளுபடி உண்டாம்.
ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்தவள் ஓடாவிட்டால்
அந்த நாற்காலி எந்தக் கணக்கு என்று
ஆபீஸில் யாரும் கேட்கவில்லை.
கேட்காமலே காதில் விழுந்தது.

ஒருநாள் பிளாட்பாரம் டிக்கெட்டை நான்காய் மடித்து
குதிகாலுக்கு அடியில் வைத்து ஓடினேன்.
பாதம் நேரானது!
பதினோரு நாள்.
பன்னிரண்டாம் நாள் கால் கண்டுபிடித்துவிட்டது.
பிறகு உள்ளங்கையில் ஒரு எலுமிச்சம்பழம்.
அது நாலு நாள்.

ஆஸ்பத்திரி நரம்பு வார்டு வராந்தாவில்
"நடங்க" என்றார் டாக்டர் ஷெரின். நடந்தேன்.
"ஓடுங்க."
கொல்கத்தாவிலிருந்து வந்த குடும்பமொன்று
ஸ்கேன் கவர்களையும் பொரி மூட்டையையும்
சுவரோரம் இழுத்து வழிவிட்டது.
ஓடினேன். மடங்கியது.
அவர்களில் ஒருத்தி வங்காளத்தில் ஏதோ வருத்தப்பட்டாள்.
"இப்ப பின்பக்கமா ஓடுங்க."

முதுகு போன திசையில் ஓடினேன்.
முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரி
தட்டையாக, சாதுவாக,
வைத்த இடத்தில் வைத்தது பாதம்.
டாக்டர் எழுதுவதை நிறுத்திச் சிரித்தார்.
எனக்குத்தான் அழுகை வந்தது.

"கால்ல ஒண்ணுமில்லம்மா.
ஒரே தடத்துல வண்டி போய்ப் போய்
தடம் பள்ளமாயிடும்.
அப்புறம் சக்கரம் அதுலதான் விழும்."
வண்டி மூளைக்குள் ஓடுகிறது என்பதை
நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

பதினான்கு வருடம்.
மைதானத்தில் எல்லா வளைவும் இடப்பக்கமே.
வலப்பக்கம் திரும்பி ஒரு பந்தயமும் நான் ஓடியதில்லை.
உடம்பில் என்னைவிட நல்ல மாணவி இந்தக் கால்தான்.
திரும்பு, திரும்பு என்று சொன்னதை
நேர்க்கோட்டிலும் மறக்கவில்லை.

நடிகைகள் முகச் சுருக்கத்துக்குப் போடும் ஊசியாம்,
கெண்டைக்காலில்.
மூன்று மாதம் தாங்கலாம்.
தாங்காமலும் போகலாம்.

ஆட்டோக்காரர் வழியெல்லாம் பேசினார்:
"நம்ம ஊரு சொலவடை தெரியுமா மேடம்?
தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை..."
மூன்றாவதைச் சொல்வதற்குள் இறங்கிவிட்டேன்.

ஞாயிறு விடியலில் விருதம்பட்டு வழியாகப்
பாலாற்றுக்குள் இறங்கினேன்.
மைதானமில்லை, சுற்றில்லை, விசிலில்லை.
பின்னோக்கி ஓடத் தொடங்கினேன்.
கிரிக்கெட் பையன்கள் ஆட்டத்தை நிறுத்தி
"அக்கா, ரிவர்ஸ் கியரு!" என்று கத்தினார்கள்.

இத்தனை வருடத்தில்
என் தடம் விழுவதை நானே பார்ப்பது இதுதான் முதல்முறை.
வலது, இடது, வலது, இடது.
எதுவும் கோணலில்லை.
போகும் இடம் மட்டும் தெரியவில்லை.
பாலத்தின் தூண்கள் ஒவ்வொன்றாய்
முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து
எதிரே நின்றன.
எட்டு வரை எண்ணினேன்.

ஒன்பதாவதில் இடறி
மணலில் உட்கார்ந்தேன்.
பேன்ட்டெல்லாம் ஈரம்.
இரண்டு மணிக்கு டூட்டி.