ஓரளவு உடன்படுகிறேன்

தேவாலாவில் நான் இறங்குமுன்
மழை இறங்கியிருந்தது.
பையில் டேப்லெட், அதற்கொரு பாலித்தீன் உறை,
எழுபத்திரண்டு கேள்விகள்.
பள்ளிவாசல் முனையில் தொடங்கி வலது கைப்பக்கமாக
ஒன்பது வீடு விட்டு ஒரு வீடு.
நாய் அவிழ்த்துவிட்ட வீடென்றாலும் விதி விதிதான்.

விடைகள் ஐந்து.
'முழுமையாக உடன்படுகிறேன்' என்று
இந்த மலையில் யாரும் யாரிடமும் சொல்லிக் கேட்டதில்லை.
ரொம்ப சரி, கொஞ்சம் சரி, ரெண்டும் இல்ல,
கொஞ்சம் தப்பு, ரொம்ப தப்பு என்று
நானே இறக்கி வைப்பேன்.
தேயிலை எடைபோடும் இடத்தில்
ஈரத்துக்கென்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பார்கள்.
இதிலும் அப்படிக் கொஞ்சம் போகும்.

தவமலர், வயது ஐம்பத்தொன்று.
தலைமன்னாரில் கப்பலேறியபோது
அம்மா வயிற்றில் இருந்தாளாம்.
கேள்வி முப்பத்தொன்று:
பக்கத்து வீட்டுக்கு முஸ்லிம் குடும்பம் வந்தால் ஏற்பீர்களா?
"வேணாங்க. ரொம்ப தப்பு. போட்டுக்கங்க."
மடியில் ஒரு குழந்தை
அவள் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.
யார் பிள்ளை என்பது கேள்வித்தாளில் இல்லை.
கேட்டேன்.
"நம்ம சைனபா பேரன். அவ இலை பறிக்கப் போயிருக்கா."
சைனபா?
"பக்கத்து வீடு."
நான் திரையைப் பார்த்தேன்.
அவள் குழந்தையின் மூக்கைத் துடைத்தாள்.
"நீங்க முஸ்லிம்னுதானே கேட்டீங்க?
சைனபான்னு கேக்கலையே."

சைனபாவிடம் நான் கேட்க முடியாது.
ஒன்பது வீட்டுக்குள் வருகிறாள்.

பாடியில் இருந்த பணியர் ஒருவர்
மதம் என்றதும் நெடுநேரம் மழையைப் பார்த்தார்.
"போன தடவ என்ன எழுதினாங்களோ
அதையே எழுதிக்கங்க."

உங்கள் மகள் வேறு மதத்தில் மணம் முடித்தால்?
இது நாற்பத்துநான்கு.
காலையில் நாடுகாணியில் உபதேசியார் செபஸ்தியான்
கேள்வி முடியும் முன்பே ரொம்ப தப்பு என்றார்.
தவமலரும் முடிக்க விடவில்லை.
மரக்கடை குஞ்சலவி
ரம்பத்தை நிறுத்திவிட்டு வந்து
"அது வேண்டாம் மோளே" என்றார்.
மூன்று மதமும் ஒரே குரலில் பேசிய இடத்தைத்
தேவாலாவில் கண்டுபிடித்தது நான்தான்.
அறிக்கையில் மூன்று பட்டையும் ஒரே உயரத்தில் நிற்கும்.
தலைப்புக்கு ஒன்றுதான் போகும்.
எது என்று உங்களுக்கும் தெரியும்.

ஒவ்வொருவருக்கும் பதினோராயிரம் பேர் எடை
என்று பயிற்சியில் சொன்னார்கள்.
குஞ்சலவிக்குப் பின்னால்
மரத்தூளில் கால் புதைய
அத்தனை பேரும் நிற்பதாக நினைத்துப் பார்த்தேன்.
கடையில் நாற்காலி ஒன்றுதான். அதில் நான்.

எழுபத்திரண்டும் முடிந்த பிறகு அவர் கேட்டார்:
"ஞங்களப் பத்தி மத்தவங்ககிட்டயும் கேப்பீங்களா?"
கேட்போம்.
"என்ன சொன்னாங்க?"
சொல்லக்கூடாது.
சிரித்தார். காதில் செருகிய பென்சிலை எடுத்து
மறுபடி அதே காதில் செருகினார்.
"அப்ப முப்பத்தொண்ணுல நான் சொன்னத
இப்ப மாத்த முடியுமா?"
பகுதி பூட்டிக்கொண்டுவிட்டது, திறக்காது.
எந்தப் பக்கம் மாற்ற நினைத்தார் என்று
நான் கேட்கவில்லை.
ரம்பம் ஓடத் தொடங்கிவிட்டது.

ஒவ்வொரு விடைக்கும் ஆன விநாடியை டேப்லெட் எழுதிக்கொள்ளும்.
இரவு கோயம்புத்தூரிலிருந்து மேற்பார்வையாளர் கூப்பிட்டார்.
"மரக்கடைக்காரருக்கு முப்பத்தொண்ணுல
அம்பத்திரண்டு செகண்ட். ஏன்?"
மழை சார். தகரக் கூரை.
"சரி, குறிப்புல போட்டுடு."

கூடலூர் லாட்ஜில் பெயர் கேட்டார்கள்.
ஊர் கேட்டார்கள்.
அப்பா பெயர் எதற்கு என்று நான் கேட்கவில்லை, சொன்னேன்.
பேனா நின்றது.
ஆணியில் நிறையச் சாவிகள் தொங்கின.
ஒன்று என் கைக்கு வர
ஒன்பது விநாடி.
எண்ணிப் பழகிவிட்டது.