பிணம் ஒன்பது

முதல் பாகம் முடிந்த இடத்தில்
இரண்டாம் பாகம் தொடங்குகிறது.
விண்மீன் போருக்கு மறுநாள் விடிகாலை.
கதையில் ஓர் இரவு,
வர்சாசாத்தில் ஒன்பது வருடம்.

அதனால் செத்தவர்கள் எல்லோரையும்
திரும்பக் கூப்பிட்டார்கள்.
செத்த இடத்திலேயே, செத்த வாக்கிலேயே
கிடக்க வேண்டுமாம்.
பழைய புகைப்படத்தைப் பார்த்துப் பார்த்து
மணலில் சுண்ணாம்புப் பொடியால்
ஆள் ஆளாய்க் கோடு போட்டாள் த்லாய்த்மாஸ்.
நான் பிணம் ஒன்பது:
ஒரு கை தலைக்கு மேல், ஒரு கால் மடக்கி.

தாடிக்குக் கறுப்படித்தார்கள்.
கவசம்தான் ஏறவில்லை.
ஒன்பது வருட ரொட்டி அப்படி.
பின்பக்கம் நெடுகக் கிழித்துவிட்டு
"பிணத்துக்கு முதுகு எதுக்கு" என்றான் ஹம்மு.
உச்சிவெயிலை விடியலாக்கும் கண்ணாடி
காமிராவுக்கு மட்டும்தான்.
என் முதுகுக்கு இல்லை.

பக்கத்தில் பிணம் பத்து, புஷ்தா.
அன்று என்மேல்தான் விழுந்து செத்தான்.
விழும்போதே விலாவில் கிச்சுகிச்சு மூட்டினான்.
சிரிப்பை அடக்க நான் பட்ட பாட்டை
மரண அவஸ்தை என்று பாராட்டினார் இயக்குநர்.
நான்காம் வருடம், திஷ்கா கணவாய்ப் பனியில்
தண்ணீர் லாரியோடு போய்விட்டான்.
இப்போது அவன் கவசத்துக்குள்
இரண்டு மூட்டை மணல்.
என் தொடைமேல் சாய்த்து வைத்தார்கள்.
அவனைவிடக் கனம் குறைவு.

கேப்டன் வருகிறார். நிஜப் பெயர் ஓர்லா.
அவரும் அந்த ஒரே இரவில்
ஒரு விவாகரத்தையும்
இரண்டு முழங்கால் அறுவைச் சிகிச்சையையும்
தாண்டி வந்தவர்தான்.
"யாராவது உயிரோடு இருக்கிறீர்களா?"
இதுதான் வசனம்.
பதில் சொல்ல எங்களில் எவருக்கும் சம்பளம் இல்லை.

ஏழு முறை கேட்டார்.
இரண்டாம் முறை எங்கோ ஆடு கத்தியது.
மூன்றாம் முறை பிணம் இருபத்திரண்டு தும்மியது.
ஐந்தாம் முறை மேகம்.
ஏழாவதில் பத்தாம் பிணத்தின் முன் மண்டியிட்டார்,
தோளைத் தொட்டார்,
தையல் விட்டது.
புஷ்தா கொஞ்சம் கொஞ்சமாக
என் தொடையில் கொட்டத் தொடங்கினான்.

என் விரல்கள் மடங்கின.
மணலைப் பிடித்தேனா, அவனையா,
தெரியவில்லை.

"கட்" என்று யாரும் கத்தவில்லை.
கேப்டன் என் கையைப் பற்றிக்கொண்டார்.
நடிப்பில்லாத பயம், ஈரமான உள்ளங்கை.

இயக்குநர் ஓடி வந்தார்.
கதாசிரியர் காகிதம் பறக்க அவர் பின்னால்.
இவன் பிழைத்துவிட்டான்,
மூன்றாம் பாகம்வரை இவன் வேண்டும்,
பிழைத்தவனுக்கு ஒரு பெயரும் வேண்டும்.

என் பெயர் இத்தர்.
எங்கள் பேச்சில் 'உயிரோடிருக்கிறான்' என்று பொருள்.
அது த்லாய்த்மாஸுக்கும் தெரியும்.
"புஷ்தா" என்றேன்.
ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு
எழுதிக்கொண்டாள்.

அடடா, வேற்றுக் கிரகத்து ஓசை, என்றார் கதாசிரியர்.
அந்தக் கிரகத்து மொழியில்
இதற்கு என்ன அர்த்தம் வைக்கலாம்?

தண்ணீர் கொண்டுவருபவன், என்றேன்.