மஞ்சள் சதுரம்

ஆமர் வீதிச் செட்டில், காலை பத்தே காலுக்கு
என் போனின் கமராவுக்கு
கியூஆர் மட்டும் தெரியாமல் போனது.

மற்றதெல்லாம் தெரிந்தது.
நிஸ்தார் நானாவின் ஓட்டோக் கண்ணாடியில் ஆடிய
பிளாஸ்டிக் எலுமிச்சங்காய்,
பின்னால் நின்ற மோட்டர்சைக்கிளின் இலக்கம்,
வயரில் குந்தியிருந்த காகம்,
அதன் அலகில் கொத்துரொட்டித் துண்டு.
அட்டையைக் கிட்டக் கொண்டுபோனால்தான்
கடன் கொடுத்தவனைச் சந்தியில் கண்டவன் மாதிரி
பார்த்தும் பாராமல் நின்றது.

"தொடச்சிப் பாருங்க தம்பி."
துடைத்தேன். துடைத்த சேட்டு முழுக்கப் பெற்றோல்.
வில்லையில் ஒரு வானவில் படிந்தது.
வடிவுதான், வேலைக்கு ஆகாது.

அணைத்துப் போட்டேன்.
கம்பனிச் சின்னம் சுற்றிச் சுற்றி வந்து
போன் எழும்புவதற்குள்
ஜம்பட்டா வீதி வரை நின்ற வரிசை
ஹோர்னில் கையை வைத்துவிட்டு எடுக்கவில்லை.
"இக்மன் கரண்ணகோ மல்லி!"

எல்லோரும் வைத்தியர் ஆனார்கள்.
தூரப் பிடி. இல்லை, சரித்துப் பிடி.
ஸ்கிரீன் வெளிச்சத்தைக் கூட்டு.
அனுமதி கொடுத்தாயா என்று கேட்டான் ஒருவன்.
யாரிடம் யார் கேட்கும் அனுமதி என்று
கொஞ்சம் குழம்பித்தான் செற்றிங்ஸுக்குள் போனேன்.
அங்கே எல்லாவற்றுக்கும் எப்பவோ ஓம் சொல்லியிருந்தேன்.

இடமில்லை என்றது போன்.
படங்களை அழித்தேன், நின்ற நிலையில்.
மருமகனின் பிறந்தநாள் கேக், ஒரே கேக், பதினேழு தரம்.
காலிமுகத்தில் கண் மூடிய நான்.
போன மாதத்து வரிசை, அதற்கு முந்திய வரிசை,
எந்த வரிசை எந்த நாளென்று
எனக்கே அடையாளம் தெரியாத வரிசைகள்.
போன் இலேசானது. கண் திறக்கவில்லை.

அப்போதுதான் அட்டையில் ஒரு நிழல் விழுந்தது.

நீலக் குடை. மெற்றில்டா அக்கா.
மூன்று நாளாய் ஐந்து லீற்றர்க் கேனோடு வருகிறவள்,
மூன்று நாளாய் நான்
"கேனுக்குத் தர ஏலாது அக்கா" என்று திருப்பியவள்.
தையல்கடை ஜெனரேற்றருக்கு.
பதிவுக்குப் போனால் செவ்வாய் வா என்கிறார்களாம்,
எந்தச் செவ்வாய் என்று சொல்வதில்லையாம்.

ஒன்றும் பேசாமல் குடையைச் சாய்த்துப் பிடித்தாள்.
பொலித்தீன் உறையில் எரிந்துகொண்டிருந்த வெயில்
அவிந்தது.
மூன்று மூலைக் கறுப்புக் கட்டங்களும் மேலே வந்தன.
டிக்.
மீதி: ஒன்று தசம் இரண்டு லீற்றர்.
"அதையாவது அடிங்க" என்றார் நிஸ்தார் நானா,
சிரிப்பதா ஏசுவதா என்று முடிவெடுக்காத முகத்தோடு.

அடுத்த வண்டி. குடை. டிக்.
அடுத்தது. டிக்.
கை மாற்றி மாற்றிப் பிடித்தாள்.
கேன் அவள் காலடியில் கிடந்தது, மூடியில்லாமல்.
"லைன் பாய வந்த ஆள்" என்று யாரோ முணுமுணுத்தார்கள்,
அவளுக்கு முன்னால் நிற்க ஒரு வண்டியும் இல்லாதபோது.

அறுபத்துமூன்று வண்டி.
பம்பில் காற்றுச் சத்தம் வரத் தொடங்கியது.
கண்ணாடி அறைக்குள்ளிருந்து மனேஜர் விமலசிறி
என்னையும் கேனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி" என்றாள், அவ்வளவுதான்.

என்ன செய்வதென்று தெரியாமல்
பழக்கத்தில் போனைத் தூக்கினேன்.
காலையிலிருந்து எதிலும் தரிக்காத அந்த மஞ்சள் சதுரம்
நேரே போய் அவள் முகத்தில் உட்கார்ந்தது.
வியர்வை தெரிந்தது, இடது புருவத்தில் ஒரு நூல்துண்டு தெரிந்தது,
இவ்வளவு துல்லியமாய் இந்தக் கமரா
ஒருநாளும் பார்த்ததில்லை.

கீழே எழுத்து வந்தது:
கோட் எதுவும் கிடைக்கவில்லை.
மீண்டும் முயல்க.