எண்ணெய்க்கு என்ன கிழமை

பகல் பஸ் பிந்தித்தான் வந்தது.
ஒன்பது மாதத்துக்குப் பிறகு
மரிசலின் படலையைத் திறந்தபோது பத்தே முக்கால்.
பிள்ளையை எழுப்ப வேண்டாம் என்றார்.
சோறும் வேண்டாம் என்றார்.
பயணப் பையின் அடியிலிருந்து
என்ஜின் அறை மேலங்கியொன்றை எடுத்து,
ஆசுபத்திரித் தாதி துணி விலக்கிக் காட்டுவதுபோல்
மெல்ல விரித்தார்.
இரண்டு சொசேஜ்,
செங்கட்டி நிறம், லாட வளைவு,
புகை மணம்.

"றால் கிடக்கோ?"

கிடந்தது. விடியப் பாசையூரில் வாங்கினது.
அரைக்கிலோ வெள்ளை றால்,
நாளைய குழம்புக்கென்று கோது கழற்றி, நரம்பெடுத்து,
மஞ்சள் மட்டும் போடாமல் வைத்திருந்தேன்.
ஏன் போடவில்லை என்று இன்றைக்கும் தெரியாது.

லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில்
கயிற்றுக்கடைக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக்கடை.
கப்பல் பழுதாகிப் பதினொரு நாள் கட்டிக் கிடந்தபோது
பதினொரு நாளும் இதையே தின்றாராம்.
சமைக்கிறவனின் கையைப் பார்த்துப் பார்த்து
எண்ணெய் மாற்றுகிற கணக்குத் தாளின் பின்பக்கத்தில்
தமிழில் எழுதி வைத்திருந்தார்:
உள்ளி பதினைந்து பல்லு. இடிக்கக் கூடாது, சீவ வேணும்.
வெங்காயம் இல்லை.
அந்த 'இல்லை'க்குக் கீழே இரண்டு கோடு.

"இஞ்சரும், அவங்களும் குசினியைக்
கொசினா எண்டுதான் சொல்லுறாங்கள்."
"மேசைக்கு?"
"மேசா."
"பாணுக்கு?"
"பான்."
"அப்ப ஒன்பது மாதமும் எங்கைதான் போனனீங்கள்,
பக்கத்து வீட்டுக்கோ?"

பிள்ளை எழும்பிவிடும் என்று
சிரிப்பைத் தோளில் துடைத்துக்கொண்டு உள்ளி சீவினேன்,
பல்ப் வெளிச்சம் ஊடாகத் தெரியுமளவுக்கு.

ஒலிவ் எண்ணெய் எங்கள் வீட்டில் பிள்ளையின் தலைக்கு.
பார்மசிப் போத்தல் இரண்டு.
இரண்டையும் மண்சட்டியில் கவிழ்த்தார்.
சொசேஜ் வட்டங்கள் விழுந்தன.
எண்ணெய் அவசரப்படாமல் சிவந்தது,
பீடத்து விளக்கின் கண்ணாடி மாதிரி.
பிறகு உள்ளி. பிறகு செத்தல் மிளகாய் இரண்டு, கிள்ளி.
மணம் மதிலேறிப் போக,
பிலோமினா அக்கா வீட்டு லைற் எரிந்தது,
கொஞ்சம் யோசித்தது,
அணைந்தது.

"இப்ப போடும்."
றால் போட்டேன்.
"பொறும்."
பொறுத்தேன்.
"இறக்கும், இறக்கும், றப்பராப் போகும்!"
என்ஜினோடும் இப்படித்தான் கத்துவாராக்கும்.

சட்டி மேசைக்கு வந்தும் கொதி அடங்கவில்லை.
அவர் சிலுவை அடையாளம் போட்டு முடிக்க
நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.
பன்னிரண்டு மூன்று.

வெள்ளிக்கிழமை.
அதுவும் தவக்காலத்து வெள்ளி.
றாலுக்குத் தடையில்லை. மற்றதுக்கு உண்டு.

"கப்பலிலை வெள்ளி, சனி ஒண்டும் தெரியாது," என்றார்.
"இது கப்பல் இல்லை," என்றேன்.

முள்ளுக்கரண்டியால் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினோம்.
இருபத்துமூன்று வட்டம்.
கோப்பையில் போட்டு, மூடி, பிரிட்ஜுக்குள் வைத்தேன்.
திரும்பி வந்து பார்த்தால்
பாண் துண்டைச் சட்டிக்கு மேலே பிடித்தபடி,
தோய்க்காமல்,
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"எண்ணெய்?"

அதுதானே, முழுச் சொசேஜும் அதற்குள்தான் இறங்கியிருந்தது.
பங்குத்தந்தையை எழுப்பிக் கேட்கிற நேரமா?

"எண்ணெய் வியாழக்கிழமை ஊத்தினது," என்றேன்.

சட்டியின் அடி தெரியுமட்டும் தோய்த்தோம்.
உள்ளி பொன்னாகி ஓரத்தில் ஒட்டியிருந்ததைச்
சுரண்டித் தின்றது நான்தான்.
மருதாணி போட்டதுபோல் விரல் நுனியெல்லாம் சிவப்பு.
பதினொரு கிழமையில் திரும்பக் கப்பல் என்றார்,
பாணை மென்றுகொண்டே,
இன்னொரு துண்டு கேட்கிற குரலில்.
வெட்டிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை விடியக் கோப்பையைத் திறந்து எண்ணினேன்.
பதினெட்டு.

நான் அவரை ஒன்றும் கேட்கவில்லை.
குறைந்த ஐந்தில்
இரண்டு என்னுடையது.