வழி அடைப்பு

ஐந்தாம் நாள்.
எத்தனை நாளாச்சு என்று டாக்டர் வெலெவா கேட்டதற்கு
விரலை மட்டும் விரித்தாள் ஸ்னெஜானா.

சோபியாவில் டிராம் ஓட்டுகிறாள்.
ஒரு முனையில் கழிப்பறை கிடையாது.
மறு முனையில் உண்டு, பூட்டு தொங்கும்.
சாவி யாரிடமென்று பதினோரு வருஷமாகக் கேட்டாயிற்று.
தண்ணீர் குடிக்காமல் ஓட்டப் பழகினாள்.
அடக்கி அடக்கி
குடலும் கதவைச் சாத்திக்கொண்டது.

நார், நீர், நடை என்று எழுதிய சீட்டின் ஓரத்தில்
தயிர், என்று சேர்த்தார் டாக்டர்.
சிலருக்குக் கேட்கும்.

இரவுப் பணி முடிந்து டப்பாவைத் திறந்தாள்.
கரண்டி நட்டால் நிற்கும்.
புளிப்பில் ஒரு கண் தானே மூடியது.
உயிரோடிருப்பவை இத்தனை கோடி என்று
மூடியில் அச்சடித்திருந்தது.
அவள் வண்டியில் இதுவரை ஏறியவர்களைவிட அதிகம்,
ஒருவரிடமும் டிக்கெட் இல்லை.
"ஏறுங்க," என்றாள் சமையலறையில் தனியாக,
"உள்ளே தள்ளிப் போங்க."

மறுநாள் காற்று.
அதற்கு மறுநாளும் காற்றுதான்; ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டினாள்,
பனி முகத்தில் அடிக்க.

நாலாம் விடியலில்
தண்டவாளம் தடம் மாறுகிற மாதிரி
அடிவயிற்றில் ஒரு முனகல்.
காபியை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

வண்டி ஆறு நிமிஷம் தாமதம்.
ரேடியோவில் காரணம் கேட்டார்கள்.
"வழி அடைபட்டிருந்தது. சரியாகிவிட்டது."

அன்று மத்தியானம் கடைசி நிறுத்தத்தில்
இருக்கைக்கடியிலிருந்த இரும்புக் கம்பியோடு இறங்கி
பூட்டை நெம்பினாள்.
உள்ளே ஒரு துடைப்பம், காலி வாளி,
திருகியதும் இருமி
பிறகு ஓடத் தொடங்கிய குழாய்.

அதுவும் தயிரின் வேலையா
என்று டாக்டரிடம் கேட்கவில்லை.