ஏற்றும் துறைமுகம்

நாலடி நீளம், பதினாலு அங்குல அகலம்.
பீரோவின் தலையில் கிடைத்த இடம் அவ்வளவுதான்.
இதற்குள் கடலும் வரவேண்டும்.

பதினொரு வருடமாக இன்வாய்ஸில்
ஏற்றும் துறைமுகம் என்ற கட்டத்தில்
தூத்துக்குடி என்று அடித்துவருகிறேன்.
போனதில்லை.
தாராபுரம் ரோட்டில் லாரி திரும்புகிற வரைக்கும்தான்
என் கண் போகும்.

பிளான் போட மார்க்கர் பேப்பர்.
முன்பக்கம், போன சீசன் குழந்தைச் சட்டையின் அரைக்கைகள்
நெருக்கியடித்துப் படுத்திருக்கும்.
பின்பக்கம் வெள்ளை.
வளைவுக்குக் காம்பஸ் எட்டவில்லை.
கட்டிங் மாஸ்டர் சென்னியப்பன், எங்க வீட்டுக்காரர்தான்,
இடுப்பு வளைவு ஸ்கேலை எடுத்துக் கொடுத்தார்:
"இதுல போடு அம்மிணி, எந்த இடுப்புக்கும் உக்காரும்."

உட்கார்ந்தது.
ஆனால் பெரிய எஞ்சின் அதில் திரும்பாது,
நாற்பதடி கன்டெய்னர் திரும்பவே திரும்பாது.
தினமும் நான் எண் அடிக்கிற பெட்டிக்கு
என் துறைமுகத்தில் இடமில்லை.
ஆக, நாலு சக்கர வேகன்கள்.
சாக்கு மூட்டை, பஞ்சுப் பொதி,
நான் பிறக்காத ஏதோ ஒரு வருடம்.

தடம் மூன்று.
ஒன்று கிடங்குக்கு. ஒன்று தண்ணீர் ஓரமாக, கிரேனுக்குக் கீழே.
இன்னொன்று எஞ்சின் பின்வாங்கி நிற்க:
எஞ்சினும் இரண்டு வேகனும் நிற்கலாம்,
மூன்றாவது வந்தால் சுவரில் இடிக்கும்.
அரை அங்குலம் குறைகிறது.
அந்த அரை அங்குலத்துக்காக இரண்டு ராத்திரி
அழித்து அழித்துத் தாள் பஞ்சாகி
தடம் பிரிகிற இடத்தில் சரியாக ஓட்டை விழுந்தது.

கிரேனுக்குக் கொக்கி கிடைத்துவிட்டது.
நிட்டிங் மெஷினில் முறிந்த ஊசி;
அதன் நாக்கு இன்னும் திறந்து மூடுகிறது.
கயிறு கட்டுகிற குற்றிகளுக்கு டிச் பட்டன்.

தண்ணீர் என்ன நிறம் என்று கேட்டால்
நான் சொல்லத் தகுந்தவள் இல்லை.
நொய்யலைப் பார்த்து வளர்ந்தவள்.
என்ன ஆர்டரோ அந்த நிறத்தில் ஆறு.
நேவி ப்ளூ ஓடிய ஒரு வாரம்
பள்ளிக்கூடப் பையோடு பாலத்தில் நின்று
கடல் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்,
மூக்கைப் பொத்திக்கொண்டு.

"கப்பல் எங்கீங்க்கா நிக்கும்?"
பேக்கிங் செக்‌ஷன் பிரேமாவதி,
தயிர்ச்சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்துக் குனிந்தாள்.
அதுவரை நான் கப்பலை நினைக்கவே இல்லை.
இருவருமாகக் கணக்குப் போட்டோம்.
எண்பதில் ஒன்றாகச் சுருக்கினாலும் எட்டடி.
பீரோவைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி
சுலோச்சனா வீட்டு மோட்டார் ரூமில் போய் முட்டும்.

கப்பல் வேண்டாம்.
பட்டனிலிருந்து இரண்டு நூல்
பலகையின் விளிம்பைத் தாண்டி இறங்கட்டும்,
கீழே ஆளுக்கொரு நட்டு கட்டி இழுத்தபடி.
அந்த விறைப்புதான் கப்பல்.

இடது ஓரத்தில் ஒன்பது அங்குலம் அட்டை மறைப்பு.
வேகன்கள் அதற்குள் போய்
வேறு சரக்கோடு திரும்பி வரும்.
மறைந்த அந்த இடத்துக்கும் பிளானில் பெயர் வேண்டுமே.
திருப்பூர் என்று எழுதினேன்.
எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை மூடவில்லை:
நான், மாஸ்டர், பிரேமாவதி, அவள் தயிர்ச்சோறு,
ஓவர்டைமில் ஓடுகிற நாற்பது மெஷின், இந்த பீரோ,
எல்லாம் அட்டைக்குப் பின்னால்.

பின்பக்கம் ஒரு திறப்பு வைக்கிறேன்,
கை நுழைகிற அளவு.
யாராவது வேகனை நிரப்பவேண்டும் இல்லையா.

பலகை இன்னும் வாங்கவில்லை. தீபாவளி போனஸ் வரட்டும்.
நேற்று வீட்டுக்கு வந்து தாளை விரித்தால்
துறைமுகத்தைச் சுற்றி நீலச் சாக்பீஸில் இன்னொரு கோடு.
பழக்க தோஷம்.
தையலுக்கு அரை அங்குலம் விட்டிருக்கிறார் மாஸ்டர்.

அழிக்கவில்லை.
பீரோவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கட்டும்.